சோபா இருந்த இடம்

சோபாவை எடுத்துப் போக இரண்டு பேர் வந்திருந்தார்கள். வாசலில் திருப்ப முடியவில்லை. கீழே வைத்து, கால்களைக் கழற்றி, பக்கவாட்டில் சாய்த்து, ஒருவழியாக வெளியே கொண்டுபோனார்கள். கதவைச் சாத்திவிட்டு வந்து பார்த்தால், தரையில் நான்கு இடங்களில் மட்டும் நிறம் மாறாமல் இருந்தது. சோபாவின் கால்கள் நின்ற இடம். இரண்டு வருடமாக வெளிச்சமும் துடைப்பமும் படாத நான்கு சின்ன வட்டங்கள். அப்போது ஆறு வயதான என் மகள் ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குத் தாவிக்கொண்டே, "அப்பா, வீடு பெருசாயிடுச்சு!" என்றாள்.

நான் அந்த வெறும் தரையில் உட்கார்ந்தேன். வாங்கிய விலையில் கால்வாசிகூடத் திரும்பி வரவில்லை. அதற்குக் கட்ட வேண்டிய தவணை இன்னும் ஐந்து பாக்கி. வீட்டில் இல்லாத சோபாவுக்கு ஐந்து மாதம் பணம் கட்டினோம். அவமானமாக இருந்தது. ஆனால் அந்த அவமானத்துக்குக் கீழே, சொல்லத் தயக்கமாக இருக்கும் இன்னொன்றும் இருந்தது. ஒரு சின்ன நிம்மதி. மகள் சொன்னது போல ஏதோ ஒன்று பெரிதாகியிருந்தது.

அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பொருள் குறைந்ததால் வந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

*

நான் வேலை பார்த்த நிறுவனம் ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் பிரிவையே மூடிவிட்டது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பலருக்கும் நடப்பதுதான். அன்று இரவு நடந்ததுதான் எனக்கு முக்கியம். என் மனைவி மகளின் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுத ஆரம்பித்தாள். எந்தத் தேதியில் எது போகிறது, எத்தனை தவணை பாக்கி. எழுதி முடித்தபோது ஆறு வரி இருந்தது. வண்டி, சோபா, சலவை இயந்திரம், என் ஃபோன், அவள் ஃபோன், அப்புறம் கிரெடிட் கார்டு. வாடகை தனி.

"இதுல எது வேண்டாததுன்னு சொல்லுங்க" என்றாள்.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொன்றும் வாங்கிய நாளில் நியாயமாகத்தான் இருந்தது. பைத்தியக்காரத்தனமாக எதையும் வாங்கவில்லை. கொஞ்சம் பெரிய வீட்டுக்குக் குடி வந்தோம். அந்தக் கூடத்தில் பழைய நாற்காலிகள் பொருந்தவில்லை, சோபா வந்தது. சோபா வந்ததும் பழைய திரைச்சீலை வெளுத்துத் தெரிந்தது. திரைச்சீலை மாற்றியதும் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் தேவை. சேர்த்துப் பார்த்தால் எங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் முதல் வாரத்திலேயே காணாமல் போய்க்கொண்டிருந்தது.

18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் தெனி திதரோவுக்கும் இப்படித்தான் நடந்தது. அவருக்குச் சிவப்பு நிறத்தில் ஒரு புது அங்கி கிடைத்தது. அழகான அங்கி. அதைப் போட்டுக்கொண்டு அறையைப் பார்த்தால், பழைய நாற்காலியும் மேசையும் சுவரில் இருந்த படங்களும் அந்த அங்கிக்கு ஒவ்வாதவையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாக மாற்றினார். கடைசியில் மிஞ்சியது, தூக்கி எறிந்த பழைய அங்கியின் நினைப்புதான். பழைய அங்கிக்குத் தான் எஜமானனாக இருந்ததாகவும் புதியதற்கு அடிமையாகிவிட்டதாகவும் 1769இல் அவர் வருந்தி எழுதினார். மானுடவியலாளர் கிராண்ட் மெக்ராக்கன் 1988இல் இந்தச் சங்கிலிக்குத் 'திதரோ விளைவு' என்று பெயர் வைத்தார். நான் அதைப் படித்தது சோபாவை விற்ற பிறகு. முன்பே படித்திருந்தாலும் வாங்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் ஒரு பொருள் இன்னொரு பொருளைக் கூப்பிடும்போது அது ஆசையின் குரலாகக் கேட்பதில்லை. ஒழுங்கு, சுத்தம், பொறுப்பு ஆகியவற்றின் குரலாகத்தான் கேட்கிறது.

*

வேலை போனவனுக்கு அறிவுரை சொல்ல எல்லோருக்கும் உரிமை வந்துவிடுகிறது. "தேவைக்கு மேல வாங்கினா இப்படித்தான்" என்று உறவில் ஒருவர் ஃபோனில் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நானும் "ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டேன். ஆனால் மனது ஒப்பவில்லை.

தேவை என்பதன் எல்லையை யார் போடுகிறார்கள்? 1776இல் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் இதற்கு ஒரு லினன் சட்டையை உதாரணமாகக் காட்டினார். உயிர் வாழ லினன் சட்டை அவசியமில்லை, பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் அது இல்லாமலே வசதியாக வாழ்ந்தார்கள், ஆனால் தன் காலத்து ஐரோப்பாவில் மரியாதையுள்ள ஒரு தினக்கூலிக்காரர் லினன் சட்டை இல்லாமல் வெளியே வர வெட்கப்படுவார் என்றார். அது இல்லாவிட்டால், மோசமான நடத்தையால் வறுமைக்கு வந்தவர் என்று ஊர் நினைத்துவிடும். ஆகவே அந்தச் சட்டையும் அத்தியாவசியம்தான் என்பது அவர் கட்சி.

கிட்டத்தட்ட இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் எழுதப்பட்ட இதைப் படித்தபோது, யாரோ என் பக்கம் நின்று பேசியது போல இருந்தது. வேலை தேடிய அந்த எட்டு மாதமும் எனக்கு ஃபோன்தான் அந்தச் சட்டை. விண்ணப்பம் அதில், அழைப்பு அதில், நேர்காணல்கூட அதில். மகளின் பள்ளி அறிவிப்பும் அதில்தான் வரும். ஒரு நேர்காணலுக்கு நேரில் போனபோது என் ஃபோனின் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது. மாற்றப் பணமில்லை. உள்ளே நுழைவதற்கு முன்பே அதைப் பைக்குள் போட்டேன். அவர்கள் ஒரு எண் கேட்டபோது பையிலிருந்து எடுத்து, உள்ளங்கையால் விரிசலை மறைத்துக்கொண்டு படித்துச் சொன்னேன். அந்தக் கையை இன்றும் மறக்க முடியவில்லை.

பொருளாசை என்று நாம் திட்டுவதில் ஒரு பெரிய பங்கு இதுதான். நான்கு பேர் நடுவே தலை நிமிர்ந்து நிற்க நாம் கட்டும் கட்டணம் அது. மனிதத் தேவைகள் இரண்டு வகை என்று ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் 1930இல் எழுதினார்: மற்றவர் எப்படி இருந்தாலும் நமக்கு இருக்கும் தேவை ஒன்று, மற்றவரைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும் என்பதால் வரும் தேவை இன்னொன்று. முதல் வகைக்கு ஒரு நிறைவு உண்டு, இரண்டாவதற்கு முடிவே இல்லாமல் போகலாம் என்றார். அதே கட்டுரையில்தான், நூறு ஆண்டுகளில் வாழ்க்கைத் தரம் நான்கிலிருந்து எட்டு மடங்கு உயரும், அப்போது வாரம் 15 மணி நேர வேலை போதுமானதாக இருக்கும் என்றும் கணித்தார். அவர் சொன்ன 2030 வந்துகொண்டிருக்கிறது. வளம் பல நாடுகளில் அவர் சொன்னபடி பெருகிவிட்டது. 15 மணி நேரம் மட்டும் எங்கும் வரவில்லை.

கெய்ன்ஸின் இரண்டு வகைகளுக்கு நடுவில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மேலே நிற்பதற்காக அல்லாமல், கீழே விழுந்துவிட்டவனாகத் தெரியாமல் இருப்பதற்காக வாங்குவது. எங்கள் வீட்டில் வந்து சேர்ந்ததெல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். யாரையும் மிஞ்ச நாங்கள் ஆசைப்பட்டதில்லை. பின்தங்கப் பயந்தோம்.

*

கையில் பணமில்லாத நாட்களைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்கு ஒன்று புரிவதில்லை. அது ஒரு வேலை. முழுநேர வேலை. காலையில் கண் திறக்கும் முன்பே கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். பதினைந்தாம் தேதி இது, இருபதாம் தேதி அது, இதை நான்கு நாள் தள்ளினால் அபராதம் எவ்வளவு, அதைத் தள்ளினால் எவ்வளவு. மகள் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருப்பாள். நான் "ம்" போட்டுக்கொண்டிருப்பேன். "நான் இப்ப என்ன சொன்னேன்?" என்று கேட்டால் முழிப்பேன். அவளுடைய பள்ளிப் படிவத்தைக் கொடுக்கும் கடைசி நாளை இரண்டு முறை மறந்தேன். வாழ்க்கையில் அதற்கு முன் நான் எதையும் மறந்தவன் இல்லை. எனக்குள் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றே நம்பினேன்.

அப்புறம்தான் ஓர் ஆய்வைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்துப் பார்த்தார்கள். அறுவடைக்கு முன்னால் கையில் காசு இருக்காது, அடமானமும் கடனும் இருக்கும். அறுவடை முடிந்தால் பணம் வந்துவிடும். அதே மனிதர்கள், அதே மாதிரிச் சோதனைகள். பணமில்லாத காலத்தில் கவனமும் யோசிக்கும் திறனும் குறைந்திருந்தன, பணம் வந்ததும் மேம்பட்டன. வறுமைக் கவலை மனதில் பிடித்துக்கொள்ளும் இடம், ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தால் இழப்பதோடு ஒப்பிடத்தக்கது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் படிவத்துக்கு உங்களைத் திட்டியிருக்கக் கூடாது" என்றாள்.

பணமில்லாதவனுக்கு எல்லாமே விலை கூடுதல் என்பதும் அப்போதுதான் அனுபவத்தில் தெரிந்தது. எனக்கு ஒரு கடைவாய்ப் பல் வலித்தது. அடைத்தால் போதும் என்று மருத்துவர் சொன்னபோது, "அடுத்த மாதம்" என்று தள்ளினேன். அடுத்த மாதமும் தள்ளினேன். நான்காவது மாதம் வேர் வரை போய், செலவு பல மடங்காகி, கடைசியில் பல்லும் போனது. கிரெடிட் கார்டும் அப்படியே. மாதம் 3 சதவீத வட்டி, குறைந்தபட்சமாக நிலுவையில் 5 சதவீதம் கட்டினால் போதும் என்று இருந்தால், கேட்க எளிதாகத்தான் இருக்கும். கடன் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எதுவும் வாங்காமல், ஒரு மாதமும் தவறாமல் ஒரு வருடம் கட்டினால், மொத்தம் 55 கட்டியிருப்போம். கடன் 23 மட்டும் குறைந்திருக்கும். மீதி 32 வட்டிக்கே போயிருக்கும். இந்தக் கணக்கை நான் வேலையில் இருந்தபோது ஒரு நாளும் போட்டுப் பார்க்கவில்லை. போடத் தெரியாதவன் இல்லை. போடத் தைரியமில்லை.

*

அந்தக் காலத்தில் ஒரு நண்பர் வீட்டுக்கு வந்தார். நல்ல வேலையில் இருப்பவர், என் மேல் அக்கறை உள்ளவர். காலியான கூடத்தைப் பார்த்துவிட்டு, "இப்படி எளிமையா இருக்கறதுதான்டா நிம்மதி. நானும் எல்லாத்தையும் விட்டுட்டு எங்கயாவது போயிடலாம்னு பாக்கறேன். போதும்ங்கற மனசு வந்துட்டா போதும்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் மூச்சு முட்டுகிறது. அவர் ஏக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் அன்று எனக்குத் தொண்டை அடைத்தது. போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன்தான் நானும். அந்த மருந்தைப் பசித்தவனுக்கு ஊட்டக் கூடாது. போதும் என்று சொல்ல, போதுமான ஒன்று முதலில் தட்டில் இருக்க வேண்டும். வேண்டாம் என்று கையை விரிப்பவனும் இல்லை என்று கையை விரிப்பவனும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

ரிச்சர்ட் கிரெக் என்ற அமெரிக்க வழக்கறிஞர் காந்தியால் ஈர்க்கப்பட்டு இந்தியா வந்து வாழ்ந்தவர். 1936இல் 'தானாக ஏற்ற எளிமை' என்ற பொருளில் ஒரு சொல்லை அவர்தான் பரவச் செய்தார். 'எளிமை' என்று மட்டும் சொல்லாமல் 'தானாக ஏற்ற' என்று முன்னால் சேர்த்த அந்தக் கவனத்தை மதிக்கிறேன். எல்லாம் அந்த முன்னொட்டில்தான் இருக்கிறது. கிரெக் ஒருமுறை காந்தியிடம், மற்ற எதையும் விட்டுவிட முடிகிறது, புத்தகங்களை மட்டும் விட முடியவில்லை என்று சொன்னாராம். அப்படியானால் விடாதீர்கள் என்றாராம் காந்தி. ஒரு பொருள் உள்ளுக்குள் துணையாகவும் ஆறுதலாகவும் இருக்கும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், தியாகம் என்றோ கடமை என்றோ அதை விட்டால் திரும்ப வேண்டும் என்ற ஏக்கம் தொந்தரவு செய்துகொண்டே இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். எளிமையின் அடையாளமாக உலகமே பார்த்த ஒருவர் இன்னொருவரிடம் 'விடாதே' என்று சொன்ன இந்தச் சம்பவம் எனக்குப் பெரிய ஆறுதலைக் கொடுத்தது. சோபாவை நான் விடவில்லை. என்னிடமிருந்து அது போனது. இரண்டும் வேறு என்று சொல்ல எனக்கு ஒரு துணை தேவைப்பட்டது.

எளிய வாழ்க்கையைத் தேடிப் போனவர்களுக்கும் காலுக்குக் கீழே ஏதோ ஒரு தரை இருந்திருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1845இல் குளக்கரையில் குடிசை போட்டு இரண்டு வருடம் இரண்டு மாதம் வாழ்ந்தார். நிலம் நண்பர் எமர்சனுடையது. பெற்றோர் வீடு நடந்து போகும் தூரத்தில் இருந்தது. இதைச் சொல்லி அவரைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமில்லை. அந்த நிலமும் அந்த நண்பரும் அந்த வீடும் எளிமையின் பகுதிகள்தான், அவற்றையும் சேர்த்தே கணக்கெழுத வேண்டும் என்பதுதான்.

*

என் அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அம்மா எதையும் எறிய மாட்டாள். ஆணி, திருகு, கயிற்றுத் துண்டு, மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, கிழிந்த சட்டையிலிருந்து வெட்டியெடுத்த பொத்தான்கள். பொத்தான்களுக்கு மட்டும் ஒரு தனிப் பெட்டி. வேலையில் இருந்த காலத்தில் அம்மா வீட்டுக்குப் போனால் எனக்கு எரிச்சலாக இருக்கும். "எதுக்கும்மா இவ்வளவு குப்பை? தூக்கிப் போட்டா வீடு எவ்வளவு நல்லா இருக்கும்!" என்பேன். வெள்ளைச் சுவரும் ஒரு மேசையும் ஒரு செடியுமாக இருக்கும் அறைகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து, அதுதான் எளிமை என்று என் கண் பழகியிருந்தது.

வேலை போன மூன்றாவது மாதம் மகளின் பள்ளிப் பையில் வார் அறுந்தது. புதுப் பை வாங்கும் நிலையில் இல்லை. அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அதில் கைவிட்டுத் துழாவி, எந்தக் காலத்திலோ கிழிந்துபோன என் பையிலிருந்து வெட்டி வைத்திருந்த ஒரு கொக்கியை எடுத்தாள். என் பை. நான் பள்ளிக்குக் கொண்டுபோன பை. பத்து நிமிடத்தில் வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டாள்.

அன்று எனக்கு ஒன்று உறைத்தது. இல்லாதவர் வீடு காலியாக இருக்காது, நிறைந்திருக்கும். மறுபடி வாங்க முடியாது என்று தெரிந்தவர் எதையும் எறிய மாட்டார். வேண்டும்போது வாங்கிக்கொள்ளலாம் என்ற தைரியம் உள்ளவரால்தான் அறையைக் காலியாக வைத்திருக்க முடியும். அந்த அழகான காலி அறைகள், பொருளை வெளியே எங்கோ வங்கிக் கணக்கில் வைத்திருப்பவர்களின் அறைகள். அம்மாவின் டப்பாக்கள்தான் அம்மாவின் வங்கி. நான் அதைக் குப்பை என்று சொல்லியிருக்கிறேன். அவள் அப்போதெல்லாம் பதில் பேசாமல் மூடியைத்தான் மூடி வைத்திருக்கிறாள்.

அம்மாவின் காலத்துப் பொருட்களில் திருகு இருந்தது. திருகைக் கழற்றினால் உள்ளே போகலாம், பார்க்கலாம், மாற்றலாம். என் ஃபோன் பசையால் ஒட்டப்பட்டது. கண்ணாடி விரிசலை விட்டால் பேட்டரி மட்டும்தான் போயிருந்தது, ஆனால் அதை மாற்றக் கேட்ட கூலி, புதியது வாங்குவதே மேல் என்று சொல்ல வைத்தது. இது தானாக வந்த நிலைமை இல்லை. 1924 டிசம்பரில் ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பல்பு நிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி 'ஃபீபஸ்' என்ற கூட்டமைப்பை உண்டாக்கின. அதற்கு முன் 1500, 2000 மணி நேரம் எரியும் பல்புகள் விற்றுக்கொண்டிருந்தன. அவர்கள் 1000 மணி நேரம் என்று வரையறை வைத்தார்கள். அதைவிட நெடுநேரம் எரியும் பல்பு செய்த உறுப்பினருக்கு அபராதம். நன்றாகச் செய்ததற்கு அபராதம்! கலிபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901இல் ஏற்றிய ஒரு பல்பு, மங்கலாகத்தான் என்றாலும், நூறு வருடம் தாண்டியும் எரிந்துகொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்க்கும் உரிமைக்காக 2024இல்தான் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எளிமையாக வாழச் சொல்லி மனிதர்களுக்குச் சொன்ன அறிவுரைகளில் ஒரு பகுதியையாவது பொருட்களைச் செய்பவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

*

சரி, அந்த நிம்மதி எங்கிருந்துதான் வந்தது?

மனைவியின் நோட்டுப் புத்தகத்தில்தான் பதில் இருந்தது. சோபாவுக்குக் கிடைத்த பணத்தை அப்படியே சலவை இயந்திரத்தின் பாக்கிக்குக் கட்டி அந்தக் கணக்கை முடித்தோம். அன்று இரவு அவள் அந்த வரியை அளவுகோல் வைத்து நேராக அடித்தாள். ஆறு வரி ஐந்தானது. வண்டியை விற்று அதன் கடனை அடைத்ததும் நான்கு. ஒவ்வொரு வரி அடிபடும்போதும் நாங்கள் இரண்டு பேரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இத்தனைக்கும் வீட்டில் சலவை இயந்திரம் அப்படியே இருந்தது. பொருள் இருந்தது, அதன் பிடி போயிருந்தது. நிம்மதி அந்த இடத்தில்தான் இருந்தது.

பக்கத்தின் அடியில் அவள் ஓர் எண்ணை எழுதத் தொடங்கினாள். வரவு மொத்தமாக நின்றுபோனால் இப்போது கையில் இருப்பதை வைத்து எத்தனை நாள் ஓட்டலாம் என்ற எண். வேலை போன அன்று அது 19. அத்தனை வருடம் இரண்டு பேரும் உழைத்து, வீடு நிறையப் பொருள் சேர்த்து, எங்களிடம் இருந்தது 19 நாள். அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் நான் அழுதேன். வேலை போனபோதுகூட அழவில்லை.

எட்டாவது மாதம் ஒரு வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் முக்கால்வாசிதான். ஆனால் சின்ன வீட்டுக்கு மாறாமலே, தவணைகள் குறைந்துபோனதால், அந்த எண் மெல்ல ஏறியது. 30. 41. இடையில் மகளுக்குக் காய்ச்சல் வந்து 26க்கு இறங்கியது. மறுபடி ஏறியது. எண் 60ஐத் தாண்டிய ஒரு வாரத்தில், மகள் சொன்ன ஒரு நீளமான கதையை முதலிலிருந்து கடைசி வரை நான் கேட்டேன். ஒரு பூனையும் ஒரு பேருந்து ஓட்டுநரும் வரும் கதை. அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது வேறு எந்தக் கணக்கும் மனதில் ஓடவில்லை என்பதைக் கதை முடிந்த பிறகுதான் உணர்ந்தேன்.

நண்பர் ஏங்கிய எளிமையும் இதுதான் என்று நினைக்கிறேன். அவருக்கு மலையடிவாரமோ ஆற்றங்கரையோ தேவையில்லை. அடுத்த மாதத்தைக் கண்டு பயப்படாத ஒரு சாயங்காலம் தேவை. அதை ஒருவர் தனியாக உண்டாக்கிக்கொள்வது கடினம். எங்களுக்கு அந்த எட்டு மாதம் ஓடியதில் பாதி, எங்களுடையதாக இல்லாதவற்றால்தான் ஓடியது. பொது நூலகத்தில் மகள் புத்தகம் எடுத்தாள், நான் அங்கே உட்கார்ந்து விண்ணப்பம் அனுப்பினேன். பூங்காவில் விளையாடினாள். பக்கத்து வீட்டுக்காரர் ஏணியும் துளையிடும் கருவியும் கொடுத்தார், நான் அவர் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். நூலகமும் பூங்காவும் பொது மருத்துவமனையும் நன்றாக இருக்கிற இடத்தில் குறைந்த பணத்தில் மரியாதையாக வாழ முடியும். அவை சீரழிந்த இடத்தில் ஒவ்வொரு வீடும் தனக்கென்று எல்லாவற்றையும் வாங்கிக் குவித்தாக வேண்டும். அப்படி வாங்குபவர்களைப் பேராசைக்காரர்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கடைசித் தவணை போன வருடம் முடிந்தது. மனைவி அந்த வரியை அடித்துவிட்டு, நோட்டை மூடாமல் அப்படியே திறந்து வைத்திருந்தாள். நண்பர் மறுபடி வந்தபோது, "இப்பதான் நிலைமை சரியாயிடுச்சே, சோபா எப்ப வாங்கப் போறீங்க?" என்று கேட்டார். நான் மனைவியைப் பார்த்தேன். "எண் நூத்தி எண்பது ஆகட்டும்" என்றாள் அவள். அவருக்குப் புரியவில்லை. உட்காரச் சொல்லி நோட்டை எடுத்துக் காட்டினாள். அவர் வெகுநேரம் அந்தப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "எனக்கு இது எவ்வளவு வரும்னு தெரியலையே" என்றார். மனைவி ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தோம்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. சோபா இருந்த இடத்தில்தான் குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் செய்வாள். அந்த நான்கு வட்டங்களும் மெல்ல மெல்லத் தரையின் நிறத்துக்கு வந்துவிட்டன. போன வாரம் குனிந்து தேடிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் இருக்கும் ஒன்று மட்டும் இன்னும் லேசாகத் தெரிகிறது.